பழைய ஆயிலை எங்கே ஊற்றுகிறீர்கள்?



ரெண்டு மழை விழுந்துவிட்டது. வரப்பில் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. தென்னந்தோப்புக்குள் கால் வைக்க முடியவில்லை. அறந்தாங்கியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் கொட்டகையில் கிடந்த பிரஷ் கட்டரையும் பவர் வீடரையும் வெளியே எடுத்துத் துடைக்கிறார்கள், ஆயில் மாற்றுகிறார்கள். இந்த நேரத்தில் சொன்னால்தான் நாலு பேர் காதில் ஏறும் என்று இதை எழுதுகிறேன். படித்தால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

என் வழக்கு ஒன்றே ஒன்றுதான். நம் பக்கத்தில் ஆயில் மாற்றும் வேலையைப் பாதியில் விட்டுவிடுகிறோம். புது ஆயிலை ஊற்றி மூடியைத் திருகியதும் வேலை முடிந்தது என்று கை கழுவப் போய்விடுகிறோம். பழைய ஆயில் எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள். "அந்தா, அங்கிட்டு ஊத்தியாச்சு" என்று கையை வீசுவார்கள். அங்கிட்டு என்றால் வரப்பு, வாய்க்கால், வேலி ஓரம், அதைவிட மோசமாக போர் மேடைக்குப் பக்கம். பழையதை ஒரு கேனில் பிடித்து, அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கிறவரைக்கும் ஆயில் மாற்றியதாகவே கணக்கு இல்லை என்பது என் கட்சி.

இதைச் சொல்ல உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். பஸ் டெப்போ ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் பிரிவிலேயே என் உத்தியோக காலம் முழுக்கக் கழிந்தது. அங்கே வடித்த ஆயில் பேரலுக்குப் போகும், பேரல் கணக்கு நோட்டில் ஏறும். ஒரு சொட்டு தரையில் விழுந்தால் மரத்தூளைப் போட்டுக் கூட்டவேண்டும், இல்லாவிட்டால் ஃபோர்மேன் விடமாட்டார். அது அவருடைய நல்ல குணம் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ஆயிலுக்கும் விலை உண்டு, அது ஏலத்துக்குப் போகும் சரக்கு. விலை இருந்ததால் பத்திரமாக இருந்தது. தோட்டத்துக்கு வந்ததும் அதே ஆயில் அநாதையாகிவிடுகிறது.

முதலில் ஏன் மாற்ற வேண்டும் என்பதைப் பார்த்துவிடுவோம். அதில்தான் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது.

பஸ் எஞ்சினுக்கு ஆயில் பம்ப் உண்டு, ஃபில்டர் உண்டு. ஆயில் சுற்றிச் சுற்றி வரும்போது அழுக்கை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். புல்வெட்டும் மெஷின், பவர் வீடர், சின்ன ஜெனரேட்டர் இவற்றில் இருக்கும் சிறிய பெட்ரோல் எஞ்சின் அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலானவற்றில் பம்பும் கிடையாது, ஃபில்டரும் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு துண்டு இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது கீழே கிடக்கும் ஆயிலை அள்ளி மேலே வீசும். மசகு போடும் ஏற்பாடு அவ்வளவுதான். இரும்புத் தூள், கரி, புழுதி எல்லாம் அந்த அரை லிட்டர் ஆயிலிலேயே மிதக்கும். அதையே அள்ளி அதன்மேலேயே வீசிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் இந்தச் சின்ன எஞ்சினுக்கு அடிக்கடி ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் மெஷினின் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் வீடர், ஜெனரேட்டரில் வரும் எஞ்சினுக்குப் பொதுவாக அரை லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். புதிதாக வாங்கியதும் முதல் 20 மணி நேரத்தில் ஒரு தடவை, பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை அல்லது 6 மாதத்துக்கு ஒரு தடவை, எது முதலில் வருகிறதோ அப்போது. நாலு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டருக்கு 100 மில்லி அளவுதான் பிடிக்கும், ஆனால் 50 மணி நேரத்திலேயே மாற்றவேண்டும்.

டூ ஸ்ட்ரோக் கதை வேறு. ராஜ்தூத்தும் பஜாஜ் சேட்டக்கும் டிவிஎஸ் 50-யும் ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் பங்க்கில் டூ டி ஆயில் கலந்து அடித்தோமே, அதே முறைதான். ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும், மாற்றும் வேலை கிடையாது. மரம் அறுக்கும் மெஷின் எல்லாமும், பிரஷ் கட்டரில் பாதியும் அந்த ரகம். நான் இங்கே பேசுவது நாலு ஸ்ட்ரோக் எஞ்சினைப் பற்றி.

100 மணி நேரம் என்றால் எவ்வளவு என்று நம் ஊர்க்காரர்களுக்குப் புரிய வைக்க ஒரு உதாரணம் போதும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கரையைக் கடந்ததே கஜா புயல், அதற்குப் பிந்திய நாட்களை நினைத்துப் பாருங்கள். எத்தனை ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை? வாடகை ஜெனரேட்டர் ஊர் ஊராகப் போய் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றியது. நாலு நாள் இரவு பகலாக ஓடினால் 96 மணி நேரம். ஐந்தாம் நாள் ஆயில் மாற்றியிருக்க வேண்டும். யார் மாற்றினார்கள்? டீசல், பெட்ரோல் தேடி அலைந்தவர்கள் ஆயில் ஸ்டிக்கை வெளியே எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. பூட்டிக்கொண்டு கிடந்த எஞ்சின்களை அந்த மாதம் நான் வரிசையாகப் பார்த்தேன். "மட்டமான மெஷினுங்கய்யா" என்றார்கள். மெஷின் மட்டமில்லை. பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு மாட்டைக் குறை சொல்கிற கதை அது.

இன்னொரு பழக்கம், ஆயில் குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவது. "போன மாசந்தானே ஊத்துனேன்" என்பார்கள். ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு. அழுக்குத் தண்ணீர் கிடக்கும் தொட்டியில் ஒரு குடம் நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டுத் தொட்டியைக் கழுவிவிட்டேன் என்று யாராவது சொல்வோமா?

நம் தாத்தாமார்களுக்கு இது தெரிந்திருந்தது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கடியில் தொங்கவிட்டிருப்பார்கள். அச்சில் பழைய மையை வழித்துவிட்டுத்தான் புது மை போடுவார்கள். வழித்தது மண்ணில் விழுந்தாலும் கேடில்லை. கரியும் விளக்கெண்ணெயும் மண்ணில் மக்கிப் போகும். இன்றைக்கு நாம் வடிப்பது அப்படி மக்கிப் போகிற சாமான் இல்லை. முழங்கை வழியாகச் சிந்திய பழக்கம் மட்டும் மாறவில்லை, சிந்துகிற பொருள் மாறிவிட்டது. இதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறோம்.

இப்போது முடிச்சுக்கு வருகிறேன். சின்ன எஞ்சின் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். அடிக்கடி மாற்றுவதால் கழிவு சின்னதாக இருப்பதில்லை. "ஐயா, அரை லிட்டர் ஆயில்ல என்ன வந்துரப் போவுது?" என்று என்னிடம் கேட்ட பையனுக்குத் தரையில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு ஊரில் 50 மெஷின் என்று வை. ஒவ்வொன்றுக்கும் அரை லிட்டர். வருஷத்துக்கு 4 தடவை. 100 லிட்டர். ஒரு பேரலில் பாதி. பக்கத்துப் பக்கத்தில் 10 ஊர் என்றால் 5 பேரல். யாராவது ஒருவன் 5 பேரல் கறுப்பு ஆயிலை லாரியில் கொண்டுவந்து கண்மாயில் கவிழ்த்தால் விடுவோமா? லாரியை மறித்து, போலீசைக் கூப்பிட்டு, பேப்பரில் போட வைத்துவிடமாட்டோமா? அதையே 500 பேர் சேர்ந்து அரை அரை லிட்டராகச் செய்தால் அதற்குப் பெயர் "கொஞ்சம்தானே".

அந்த ஆயிலில் என்ன இருக்கிறது என்பதும் தெரியவேண்டும். எஞ்சினுக்குள் போகும்போது தேன் நிறம். வரும்போது கறுப்பு. தேய்ந்த உலோகத் துகள், அரைகுறையாக எரிந்த பெட்ரோல், கரி, ஆயிலில் கலந்திருந்த ரசாயனங்கள் சிதைந்த மிச்சம், எல்லாம் அதில் உண்டு. எரிந்த கரியோடு வரும் சில பொருள்கள் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. நீரில் கரையாது, லேசில் மக்காது. தண்ணீர்மேல் விழுந்தால் மெல்லிய படலமாகப் பரவி, காற்று தண்ணீருக்குள் இறங்குவதைத் தடுக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு காருக்கு ஒரு தடவை மாற்றி எடுக்கும் ஆயில் 10 லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடக் கூடியது. நம் கணக்கில் சுமார் 38 லட்சம் லிட்டர். கார் ஆயில் நாலைந்து லிட்டர் இருக்கும். நம் பவர் வீடர் அதில் எட்டில் ஒரு பங்கு என்றே வையுங்கள். அப்படியும் நாலரை லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது.

அதைக் கொண்டுபோய் நாம் ஊற்றும் இடத்தைப் பாருங்கள். எஞ்சின் எங்கே இருக்கும்? தண்ணீர் இருக்கும் இடத்தில். ஆயில் எஞ்சின் காலத்திலிருந்தே அப்படித்தான். கிணற்று மேட்டில் எஞ்சின், அதன் காலடியில் கறுப்புத் திட்டு. இன்றைக்குப் போர் குழாய்க்குப் பக்கத்தில் மெஷினைச் சாய்த்து ஆயிலை வடிக்கிறோம். குழாயைச் சுற்றி மண் இளகிக் கிடக்கும் இடம் அது. மழை பெய்தால் அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். குடிக்கிற தண்ணீரின் வாசலிலேயே விஷத்தை வைக்கிறோம்.

வாய்க்கால் கதை இன்னும் கொடுமை. நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூர் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாய் சுமார் 148 கிலோமீட்டர் ஓடி, மிச்சம் மீதி தண்ணீரைத்தான் நம் பக்கத்துக்குத் தருகிறது. தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்று மறியல் செய்யாத வருஷம் உண்டா? மேலே உள்ளவன் அடைத்துக்கொண்டான், ஷட்டரைத் திறக்கவில்லை என்று திட்டாத நாள் உண்டா? அவ்வளவு சண்டை போட்டு வாங்கிய தண்ணீரில் நாமே ஆயிலை ஊற்றுகிறோம். நமக்கும் கீழே மணமேல்குடி பக்கம் ஒருவன் அதே தண்ணீருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். மேலே இருப்பவனிடம் நியாயம் கேட்கிறவன் கீழே இருப்பவனுக்கும் நியாயம் செய்ய வேண்டும்.

இதற்கு வரும் பதில்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"வேலிக் காலுக்குத் தடவினால் கறையான் வராது." வராது, உண்மைதான். அந்த விஷம் கறையானோடு நிற்குமா? காலைச் சுற்றி உள்ள மண்ணில் புழு பூச்சி எதுவும் இருக்காது. மழையில் கரைகிறது என்று மறுபடி தடவ வேண்டியிருக்கிறதே, போனதெல்லாம் எங்கே போனது? கறையானுக்கு வேறு மருந்து கடையில் இருக்கிறது.

"மாட்டுக்குச் சொறி வந்தால் போடலாம்." தயவுசெய்து வேண்டாம். மாடு தன் உடம்பை நக்கும். தடவியது வயிற்றுக்குள் போகும். அந்தப் பாலைத்தான் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோம். சொறிக்குக் கால்நடை மருந்தகத்தில் மருந்து இருக்கிறது.

"மரம் அறுக்கும் மெஷினின் செயினுக்கு விடலாம்." கஜாவில் சாய்ந்த தென்னையை அறுத்தபோது எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். செயினில் விட்ட ஆயில் செயினில் நிற்காது. சுற்றும் வேகத்தில் தோப்பு முழுக்கத் தெறிக்கும், அறுக்கிறவன் முகத்திலும் கையிலும் தெறிக்கும். இது ஊற்றுவதற்குப் பதிலாகத் தெளிக்கிற வேலை.

"கொசுவுக்கு ஆயில் பந்து போடுகிறார்களே?" நல்ல கேள்வி. மரத்தூளைத் துணியில் கட்டி ஆயிலில் ஊறவைத்துத் தேங்கிய சாக்கடையில் போடுகிறார்கள். மேலே படலம் கட்டிக் கொசுப்புழு மூச்சு விட முடியாமல் சாகும். நான் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கொசுப்புழுவைக் கொல்லும் படலம் கண்மாயில் மீன் குஞ்சை மட்டும் விட்டுவைக்குமா? அந்தக் குஞ்சுகள்தான் கொசுப்புழுவைத் தின்பவை.

"எரித்துவிட்டால் போச்சு." எரித்தால் அதில் இருக்கும் உலோகமும் கரியும் புகையாகப் போய் நம் மூக்கில்தான் ஏறும்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் அபாயகரக் கழிவுகள் பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகள் பழைய ஆயிலை அபாயகரக் கழிவு என்றே வைத்திருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் அது போக வேண்டும். அந்த ஆலையில் அழுக்கை நீக்கி மறுபடி நல்ல ஆயிலாக்க முடியும். ஆயில் தேய்ந்து தீர்ந்துவிடுவதில்லை, அழுக்காகிறது, சேர்த்த மருந்துச் சத்து போகிறது, அவ்வளவுதான். 2023-ல் அந்த விதிகளைத் திருத்தி, ஆயிலைத் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் போவதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் பேரல் இருக்கிறது, வாங்க ஆள் வருகிறது. வரப்பில் நிற்கும் அரை லிட்டர்க்காரனுக்கு என்ன ஏற்பாடு? என் கண்ணில் எதுவும் படவில்லை. மானியத்தில் மெஷின் கொடுக்கும்போது மாலை போட்டுச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள். ஒரு புனலும் ஒரு கேனும் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போன நம் நண்பர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள். அங்கே புல்தரை வெட்டும் மெஷினுக்கு வீட்டுக்காரரே ஆயில் மாற்றி, பழையதைக் கேனில் பிடித்து, வண்டி உதிரிபாகக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் பல கடைகள் வாங்கிக்கொள்கின்றன. அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதல்ல காரணம். கொண்டுபோய்க் கொடுக்க ஒரு இடம் இருக்கிறது. பெரிய வித்தியாசம் அதுதான்.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. ஆயில் விற்கும் கடைக்காரர் வாசலில் ஒரு பேரல் வைத்துப் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். புது டின் வாங்க வருகிறவன் பழையதோடு வரட்டும். மெஷின் கொடுக்கும் அரசாங்கம் முதல் ஆயில் மாற்றத்தைச் செய்து காட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் உரம் வைக்கும் குடோனின் ஒரு ஓரத்தில் தனியாகப் பேரலுக்கு இடம் கொடுத்து, அனுமதி உள்ளவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அவர்கள் செய்கிறவரை நாம் சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை. செய்முறை சொல்கிறேன். மெஷினை ரெண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், சூட்டில் ஆயில் இளகி அழுக்கோடு இறங்கும். பிளக் கேப்பைக் கழற்றுங்கள், பெட்ரோல் காக்கை மூடுங்கள். தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோய், அடியில் அகலமான தட்டு வைத்து ட்ரெயின் போல்டைக் கழற்றுங்கள். போல்ட் இல்லாத மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கட்டும். வடிந்ததும் போல்டை மாட்டி, சமதரையில் வைத்துப் புது ஆயிலைப் புனலால் ஸ்டிக் காட்டும் அளவுக்கு ஊற்றுங்கள். 10 டபிள்யூ 30 பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். அளவுக்கு மேல் ஊற்றினால் புகை தள்ளும்.

பழையதை அதே ஆயில் டின்னில் புனல் வைத்து ஊற்றி, இறுக மூடி, மேலே "பழைய ஆயில்" என்று எழுதிவையுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ வேண்டவே வேண்டாம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெட்ரோல், பெயிண்ட், தண்ணீர் எதையும் அதில் கலக்காதீர்கள், கலந்தால் வாங்க ஆள் இருக்காது. டின் நிறைந்ததும் பேரல் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தப் பேரலை யார் எடுக்கிறார்கள், அனுமதி உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிறவன் இருக்கிறான் என்று தெரிந்தால்தான் பழைய ஆயில் வடிகட்டிப் புது டின்னில் திரும்ப வராமல் இருக்கும்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போல வயதானவர்கள், மெஷினைத் தொடுவதில்லை என்று தெரியும். ஆனால் தோட்டம் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, பட்டாவும் உங்கள் பெயரில்தான். அடுத்த தடவை பையன் ஆயில் மாற்றும்போது பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். புது ஆயில் என்ன விலை என்று கேட்காதீர்கள். பழசை எங்கே ஊற்றப்போகிறாய் என்று மட்டும் கேளுங்கள். பதில் வருகிறவரைக்கும் எழுந்திருக்காதீர்கள்.